ஃப்ளீஸில் குயில்ட் போடும்போது நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா? டென்ஷனை விட்டுவிட்டு நுனியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன், இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் புரியும். குழந்தைக்கான குயில்ட், அதாவது அடுக்குத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. மேலே பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி, நடுவில் மெல்லிய பாலியஸ்டர் வாடிங் (பஞ்சு அடுக்கு), அடியில் பஞ்சு எழுப்பிய மெத்தென்ற போலார் ஃப்ளீஸ். வீட்டு எலக்ட்ரிக் மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, டார்னிங் பாதம் மாட்டி, ஃப்ரீ மோஷனில், அதாவது துணியைக் கையாலேயே நகர்த்தி, வளைத்து வளைத்துத் தைக்கிறீர்கள். சட்டைத் துணியில் ஒழுங்காக ஓடும் மெஷின், இதில் மட்டும் ஒரு சாண் போவதற்குள் மேல் நூலைப் பிசிறாக்கி அறுத்துவிடுகிறது. டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தை, 4-லிருந்து 2 வரை இறக்கியாயிற்று. நூலை மாற்றியாயிற்று. மெக்கானிக்கும் வந்து பார்த்துவிட்டு "மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க" என்று போய்விட்டார்.

மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மெல்லிய துணியில் நன்றாகத் தைக்கிறது என்றால் டைமிங் (ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) பெரிதாகக் கெட்டிருக்காது. முதல் வேலையாக டென்ஷனை 4-க்கே திருப்பி வையுங்கள். நூல் அறுந்தால் எல்லோருடைய கையும் முதலில் அந்தச் சக்கரத்துக்குத்தான் போகும். ஃப்ளீஸ் விஷயத்தில் அதைக் கடைசியாகத் தொட்டால் போதும். முதலில் பார்க்க வேண்டியது அறுந்த நூலின் நுனி.

அடுத்த தடவை அறுந்ததும் அவசரமாகத் திரும்பக் கோக்க வேண்டாம். ஊசிப் பக்கம் தொங்கும் நுனியை வெள்ளைத் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடர் நிற நூலாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நுனி ஓர் அங்குலத்துக்குப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் நூல் எங்கோ உரசி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அறுந்திருக்கிறது. கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி சுத்தமாக இருந்தால் ஏதோ கூரான விளிம்பு வெட்டியிருக்கிறது: மெஷின் தட்டில் ஊசி இறங்கும் துளை, பாபின் கேஸ் அல்லது ஹூக். நுனி சுருண்டு நின்றால் வெடுக்கென்று இழுபட்டு அறுந்திருக்கிறது. நுனியில் நகத்தால் நெருடினால் தட்டுப்படும்படி ஒரு சின்ன மணி இருந்தால் அது சூட்டில் உருகிய பாலியஸ்டர். இழைகள் முறுக்குக் கழன்று தனித்தனியாக நின்றால் நூலே பழசு, அல்லது நூல்கண்டிலிருந்து தப்பான விதத்தில் இறங்கி வருகிறது.

எங்கே அறுந்தது என்பதும் முக்கியம். ஊசிக்குப் பக்கத்தில் என்றால் ஊசி, துணி, ஹூக் என்ற இந்த வட்டாரம். டென்ஷன் தட்டுக்கு மேலேயே அறுந்திருந்தால் ஃப்ளீஸைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நூல்கண்டின் விளிம்பில் உள்ள வெட்டில் மாட்டி இழுத்திருக்கும்.

உங்களுக்குப் பிசிறாகி அறுகிறது. ஆக, உரசல். இதற்கு மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஊசி துணியைக் குத்திக்கொண்டு அடி வரைக்கும் போய், திரும்ப ஏறத் தொடங்குகிறது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஏறும்போது, துணி நூலைப் பிடித்துக்கொள்வதால், ஊசியின் பின்பக்கம் நூல் வெளியே புடைத்து ஒரு சின்ன வளையமாகிறது. ஊசியைத் திருப்பிப் பார்த்தால் கண்ணுக்கு மேலே ஒரு குழிவு இருக்கும். ஹூக்கின் முனை அந்தக் குழிவை ஒட்டி வந்துதான் வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. வளையம் ஒழுங்காக விழுந்தால் தையல். சின்னதாக விழுந்தால் ஹூக் அதைத் தவறவிடும், தையல் விட்டு விட்டு விழும். அரைகுறையாக விழுந்தால் ஹூக்கின் முனை நூலின் இழைகளுக்கு நடுவே குத்தி நூலைக் கிழிக்கும். அதனால் தையல் விடுவதும் நூல் பிசிறுவதும் இரண்டு வியாதி இல்லை. அறுவதற்கு முன்னால் தைத்த இடத்தை மேல்பக்கம் பாருங்கள். அங்கங்கே நீளமாக ஒரு தையல் கிடந்தால் இதுதான் நடக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இப்போது ஃப்ளீஸுக்கு வருவோம். போலார் ஃப்ளீஸ் நெய்த துணி கிடையாது, பின்னல் துணி. 1979 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலை, பட்டகோனியா என்ற ஆடை நிறுவனத்தோடு சேர்ந்து கம்பளிக்கு மாற்றாகக் கொண்டுவந்த சரக்கு. பாலியஸ்டர் நூலில் பின்னி, பிறகு கம்பித் தூரிகையால் கீறிப் பஞ்சாக எழுப்பிவிடுவார்கள். பின்னல் என்பதால் இழுபடும்; பஞ்சாக இருப்பதால் மெத்து மெத்தென்று அமுங்கும். ஊசி மேலே ஏறும்போது ஃப்ளீஸும் அதோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. துணி, ஊசி இறங்கும் தட்டின் மேல் படிந்து நின்றால்தான் வளையம் விழும். துணியும் கூடவே ஏறினால் நூல் புடைக்க இடமில்லை. உங்கள் மெஷின் சட்டைத் துணியில் தைப்பதற்கும் இதில் தகராறு செய்வதற்கும் அடிப்படைக் காரணம் இதுதான்.

இன்னொன்று. மேல் நூலின் ஒரு துணுக்கு, தையலாகிப் படிவதற்கு முன்பு ஊசிக்கண் வழியாக முப்பது நாற்பது தடவை மேலும் கீழும் போய் வருகிறது. ஒவ்வொரு தையலுக்கும் பாபினைச் சுற்றி வர நிறைய நூல் இறங்குகிறது. தையலில் செலவாவது சில மில்லிமீட்டர்தான். மீதியை, மெஷின் முகப்பில் ஏறி இறங்கும் நூல் நெம்புகோல் திரும்ப மேலே இழுத்துக்கொள்கிறது. ஆகவே ஊசிக்கண்ணில் ஒரு சின்னக் கீறல், கண்ணுக்கு ஒவ்வாத தடிமனில் நூல், இவையெல்லாம் அத்தனை தடவை அதே இடத்தைத் தேய்க்கும். தையல் எவ்வளவு பொடியாக விழுகிறதோ அவ்வளவுக்கு இந்தப் போக்குவரத்தும் கூடும். 3 மில்லிமீட்டரில் தாங்கும் நூல் 1 மில்லிமீட்டரில் பிசிறும்.

ஃப்ரீ மோஷனில் இதுதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது. வளைவு திரும்பும் இடத்தில் நம் கை தானாகத் தயங்கும், கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் மணல் தூவியது போலப் பொடித் தையல்கள் குவியும். உங்கள் குயில்ட்டில் நூல் அறுந்த இடங்களைப் பாருங்கள். வளைவின் கொண்டையில்தான் அதிகம் அறுந்திருக்கிறது என்றால் மெஷினில் தேடுவதை நிறுத்திவிட்டு, திரும்பும்போது காலை லேசாகத் தளர்த்தப் பழகுங்கள். ஃப்ளீஸில் அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் போதும். அதற்கு மேல் நெருக்கினால் துணி பலகை மாதிரி விறைத்தும் போகும்.

சரி, ஊசி. சாதாரண வீட்டு மெஷினுக்கு நம் கடைகளில் கொடுப்பது எச்.ஏ. இன்ட்டு ஒன் ஊசி, ஒரு பக்கம் தட்டையான தண்டு. 11, 14, 16 என்று நம்பர் சொல்லி வாங்குவோம். பாக்கெட்டில் 75/11, 90/14, 100/16 என்று இரண்டு எண் இருக்கும்; முதல் எண் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 90 என்றால் 0.9 மி.மீ. பிளவுஸ் தைக்கும் 11 நம்பர் ஊசியையே குயில்ட்டுக்கும் விட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். மூன்று அடுக்கு, அதிலும் அடியில் இழுபடும் ஃப்ளீஸ். மெல்லிய ஊசி பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும். வளைந்த ஊசி ஹூக்கை விட்டு விலகினால் தையல் விடும், ஹூக்கோடு இடித்தால் நூல் அறும்.

பால் பாயின்ட் (உருண்டை முனை) ஊசியா, கூரான ஊசியா என்று ஒரு வாக்குவாதம் எப்போதும் உண்டு. பின்னல் துணிக்குப் பால் பாயின்ட் என்பது பாலபாடம், அது சரிதான். ஆனால் உங்கள் ஊசி முதலில் இறங்குவது நெருக்கமாக நெய்த பருத்தியில். நாலு துண்டு சேரும் மூலையில் அந்தப் பருத்தியே பல மடிப்பு. உருண்டை முனை ஊசி அங்கே திணறி வளையும். என் தேர்வு 90/14 டாப்ஸ்டிச் ஊசி. முனை கூர், கண் நீளமாகவும் பெரிதாகவும் இருக்கும், நூல் படுத்துக்கொள்ளும் முன்பக்கப் பள்ளமும் ஆழம். உரசல் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். அதைப் போட்டும் தையல் விட்டு விட்டு விழுந்தால் 90/14 ஸ்ட்ரெச் ஊசிக்கு மாறுங்கள். அதன் பின்பக்கக் குழிவு இழுபடும் துணியில் வளையம் விழுவதற்கென்றே வடிவமைத்தது. தையல் விடுவது முக்கியப் புகாராக இருந்தால் ஸ்ட்ரெச், பிசிறுவது முக்கியப் புகாராக இருந்தால் டாப்ஸ்டிச். ஊரில் இரண்டும் கிடைக்கவில்லையென்றால் சாதாரண 90/14 புது ஊசி போட்டுப் பாருங்கள். பழைய 11-க்கு அதுவே எவ்வளவோ மேல்.

ஊசியைப் போடும்போது தட்டைப் பக்கம் பின்னால் இருக்கட்டும், தண்டு மேலே முட்டும் வரை தள்ளித் திருகை இறுக்குங்கள். அரை மில்லிமீட்டர் கீழே தொங்கினாலும் ஹூக் வரும் நேரமும் வளையம் விழும் இடமும் பொருந்தாது. மெல்லிய துணியில் இது தெரியாது, ஃப்ளீஸில் தெரியும்.

நூலுக்கு ஊசிக்கண் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அதே நம்பரில் தனி ஊசி ஒன்றை எடுத்து, ஒரு முழ நூலில் கோத்து, நூலின் இரு முனையையும் பிடித்து ஒரு கையை உயர்த்திச் சாய்வாக வையுங்கள். மேல் முனையில் ஊசியை விட்டால் தானாக வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவழியில் நின்றால் அந்த நூலுக்கு அந்தக் கண் சின்னது. தடதடவென்று விழுந்தால் கண் தேவைக்கு மேல் பெரிது. அதனால் அறுந்துவிடாது, ஆனால் துளை தெரியும்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. குயில்ட் நூலில் 40, 50 என்று வெயிட் எண் போட்டிருந்தால் எண் கூடக் கூட நூல் மெல்லிசு: 40 வெயிட் என்றால் ஒரு கிலோவில் 40 கிலோமீட்டர் நூல். ஃப்ளீஸுக்கு 40 அல்லது 50 வெயிட் பாலியஸ்டர் நூல் எடுங்கள், மேலேயும் அடியிலும். பருத்தி நூலை இதற்கு நான் சிபாரிசு செய்வதில்லை. ஃப்ளீஸ் இழுபடும், பருத்தி நூல் அந்த அளவுக்கு இழுபடாது. மெஷினில் தப்பித்தாலும் பிறகு குழந்தை போர்வையைப் பிடித்து இழுக்கும்போது தையல் படக்கென்று விட்டுப்போகும். பளபளப்புக்காக எம்பிராய்டரிக் கடையில் வாங்கும் ரேயான் நூலும் இந்த வேலைக்குப் பலம் போதாது; அதே பளபளப்பு பாலியஸ்டர் எம்பிராய்டரி நூலிலும் கிடைக்கிறது. அம்மா காலத்துப் பெட்டியில் கிடக்கும் நூல்கண்டுகளை இதில் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கையிலும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். விரலை அறுப்பது மாதிரி வலித்தால் நல்ல நூல். சத்தமில்லாமல் பிய்ந்தால் அது ஓட்டுத் தையலுக்குத்தான்.

பெரிய கோன் வாங்கி, மெஷினின் படுக்கைக் கம்பியில் எப்படியோ செருகியிருந்தால் அதுவும் ஒரு தொல்லை. கோன் நூல் மேலிருந்துதான் உருவி வர வேண்டும். மெஷினுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கோனை நிறுத்தி, அதற்கு நேர் மேலே ஓர் அடி உயரத்தில் எங்காவது ஊக்கு ஒன்றை டேப்பால் ஒட்டி, அந்த வளையம் வழியாக நூலை விட்டு மெஷினுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்ட் வாங்கும் வரை இது தாராளமாகப் போதும். குறுக்கே குறுக்கே சுற்றிய கண்டும் இதே மாதிரி மேலிருந்து உருவலாம். அடுக்கடுக்காக நேராகச் சுற்றிய கண்டை மட்டும் செங்குத்துக் கம்பியில் போட்டுச் சுழல விடுங்கள். மேலிருந்து உருவினால் முறுக்கு மாறும்.

கோத்ததைச் சரிபார்க்கவும் மறக்க வேண்டாம். பாதம் மேலே தூக்கியிருக்கும்போது கோத்தால்தான் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே இறங்கும். பாதத்தைத் தூக்கி நூலை இழுங்கள், இலகுவாக வர வேண்டும். பாதத்தை இறக்கி இழுங்கள், ஊசியே லேசாக வளையும் அளவுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்கு வெளியே கிடக்கிறது, அல்லது தட்டுக்குள் பஞ்சு அடைத்திருக்கிறது. டார்னிங் பாதம் இறக்கினாலும் துணியை இறுக்கி அழுத்தாததால், பாதத்தை இறக்க மறந்துபோய்த் தைக்கத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். அடியில் நூல் கூடு கட்டிக்கொண்டு அறுந்தால் முதலில் பாதத்தைத் தூக்கி இறக்கும் நெம்புகோலைப் பாருங்கள்.

பஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. ஃப்ளீஸை வெட்டிய விளிம்பு கொட்டுகிற கொட்டு கொஞ்சநஞ்சமில்லை. வெட்டியதும் வெளியே கொண்டுபோய் நாலு உதறு உதறிவிட்டு வாருங்கள். ஒவ்வொரு பாபின் தீரும்போதும் ஊசி இறங்கும் தட்டைக் கழற்றி பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். பற்களுக்கு நடுவே ஃபெல்ட் துணி மாதிரி இறுகிக் கிடப்பதைக் குச்சியால் நெம்பி எடுக்க வேண்டியிருக்கும். வாயால் ஊதுவது, காற்று டப்பாவால் அடிப்பது இரண்டும் வேண்டாம். பஞ்சு உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகும். டென்ஷன் தட்டுகளுக்கு, பாதத்தைத் தூக்கிவிட்டு, மடித்த மெல்லிய பருத்தித் துணியின் விளிம்பை நடுவே விட்டு இழுத்தால் போதும். எண்ணெய் விடச் சொல்லியிருக்கும் மெஷினாக இருந்தால் ஹூக் ஓடும் தடத்தில் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, அப்புறம் வேஸ்ட் துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம். தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சில மாதத்தில் அது பசையாகி மெஷினையே இறுக்கிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

நுனி வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறவர்கள் பழைய நைலான் சாக்ஸை எடுத்து ஊசித் துளையின் விளிம்பு, பாதம், நூல் போகும் வழி எல்லாவற்றிலும் தேய்த்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் உலோகப் பிசிர். ஊசி எப்போதாவது தட்டில் இடித்து உடைந்திருந்தால் அந்தத் துளையில் கட்டாயம் ஒரு தடம் இருக்கும். தட்டில் இருப்பதை 1000 நம்பர் அல்லது அதைவிட நைசான உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்து நீங்களே சரிசெய்யலாம். ஹூக்கின் முனையில் இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

தட்டைப் பற்றி இன்னொரு விஷயம். வீட்டு மெஷினோடு வரும் தட்டில் ஜிக்ஜாக் தையலுக்காக அகலத் துளை இருக்கும். ஊசி குத்தும்போது மெத்தென்ற ஃப்ளீஸ் அந்தத் துளைக்குள் அமுங்குகிறது, ஏறும்போது கூடவே எழுகிறது. உங்கள் மாடலுக்கு ஒற்றைத் துளைத் தட்டு கிடைக்கும் என்றால் வாங்கிப் போடுங்கள், இந்த வேலைக்கு அதைவிட நல்ல செலவு வேறில்லை. அதை மாட்டிய பிறகு மறந்துபோய் ஜிக்ஜாக் வைத்தால் ஊசி தட்டில் இடித்து உடைந்துவிடும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும். டார்னிங் பாதத்தின் உயரமும் பாருங்கள்: ஊசி அடியில் இருக்கும் நேரத்தில் பாதம் துணியைத் தொட்டுப் பிடித்திருக்க வேண்டும். குயில்ட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றால், பாதத்தில் திருகு இருந்தால் அதில், இல்லையென்றால் அழுத்தச் சக்கரத்தில், கொஞ்சம் இறக்குங்கள். நகர்த்த முடியாத அளவுக்கு அழுத்தவும் கூடாது.

அடியில் ஃப்ளீஸ் இருப்பதால் வரும் தனித் தொல்லை ஒன்று உண்டு. பருத்தி மேசையில் வழுக்கும், ஃப்ளீஸ் வழுக்காது. மெஷின் தட்டிலும் மேசையிலும் பஞ்சு பற்றிக்கொள்ளும், கையால் தள்ளினால் முதலில் அசையாது, பிறகு திடீரென்று துள்ளிப் போகும். அந்தத் துள்ளலின்போது ஊசி துணிக்குள் இருந்தால் ஊசி வளைகிறது, நூல் வெடுக்கென்று இழுபடுகிறது. நுனி சுருண்டு அறுந்திருப்பவர்களுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். குயில்ட்டின் பாரம் மேசை விளிம்பில் தொங்காமல் இடப்பக்கமும் பின்னாலும் நாற்காலியோ இஸ்திரிப் பலகையோ வைத்துத் தாங்கிப் பிடியுங்கள். ஊசி இறங்க ஓட்டை வெட்டிய டெஃப்லான் ஷீட்டை மெஷின் தட்டில் ஒட்டினால் ஃப்ளீஸ் சுலபமாக நகரும். ஒரு குறிப்பிட்ட திசையில் நகர்த்தும்போது மட்டும் அறுந்தால், அந்தத் திசையில் ஊசி ஹூக்கை நோக்கியோ அதைவிட்டு விலகியோ வளைகிறது. அந்தப் பக்கம் மெதுவாகப் போங்கள், தேவைப்பட்டால் 100/16 ஊசி போடுங்கள்.

மூன்று அடுக்கையும் ஸ்ப்ரே பசையால் ஒட்டியிருந்தால் ஊசியைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் அந்தப் பசையில் ஃப்ளீஸின் தூள் ஒட்டி, கண்ணின் ஓரத்தில் படிந்து, நூலை உரசும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அவ்வப்போது துடையுங்கள். அதைவிட ஊக்கு குத்திக்கொள்வதோ கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுக்கொள்வதோ எவ்வளவோ நிம்மதி. அப்படி விரிக்கும்போது ஃப்ளீஸை இழுத்து முறுக்கேற்றி ஒட்டாதீர்கள். தரையில் சுருக்கமில்லாமல் சும்மா கிடக்கட்டும். இழுத்து விரித்த ஃப்ளீஸ், எடுத்ததும் பழைய அளவுக்குச் சுருங்கி, மேல்துணியையும் தையலையும் சேர்த்துச் சுருக்கும்.

சொல்லப்போனால், வாடிங்கே தேவையா என்றும் யோசியுங்கள். ஃப்ளீஸே ஒரு போர்வை. ஊட்டியிலும் டொரன்டோவிலும் இருக்கிற குழந்தைக்கு மூன்று அடுக்கு சரி. சென்னைக் குழந்தைக்கு ஃப்ளீஸும் வாடிங்கும் சேர்ந்தால் வெந்துபோகும். வாடிங்கை எடுத்துவிட்டால் ஊசிக்கும் வேலை பாதி.

நுனியில் உருகிய மணி தெரிந்தால் அது பெரும்பாலும் பவர் மெஷின் (தொழிற்சாலை வகை அதிவேக மெஷின்) வைத்திருப்பவர்களின் பிரச்சினை. பாலியஸ்டர் ஏறத்தாழ 250, 260 டிகிரி செல்சியஸில் உருகும். நிமிஷத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் தையல் வேகத்தில் தடித்த செயற்கை இழைத் துணியைக் குத்தும் ஊசி அந்தச் சூட்டை எட்டிவிடும். ஓடும்போது நூல் தாங்கும், நிறுத்தின நொடியில் சூடான கண்ணில் நூல் அசையாமல் நின்று அறும். சர்வோ மோட்டார் இருந்தால் உச்ச வேகத்தை 1500, 2000-க்கு இறக்கி வையுங்கள். நூலுக்கு சிலிக்கோன் எண்ணெய் தடவுவதும் உதவும். வீட்டு மெஷின் ஆயிரத்தை ஒட்டியே ஓடுவதால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ஃப்ளீஸ் என்றால் ஹூடி, ஸ்வெட்ஷர்ட்டுக்குப் போகும் மூன்று நூல் பின்னல். வெளிப்பக்கம் வழவழப்பு, உள்பக்கம் மட்டும் பிரஷ் செய்தது, பெரும்பாலும் பருத்தியோ பருத்தி கலந்ததோ. பானிபட் போர்வைகளாக வரும் போலார் ஃப்ளீஸ் வேறு. திருப்பூர்க் கட்பீஸ் ஃப்ளீஸை அடித்துணியாகப் போட்டால் இழுபடுவது குறைவு, தையல் விடுவதும் குறைவு. ஆனால் பருத்தித் தூசு அதிகம், அதோடு தோய்த்தால் சுருங்கும். அதை முன்கூட்டியே ஒரு தடவை துவைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். போலார் ஃப்ளீஸுக்கு அந்த வேலை இல்லை, சூடான இஸ்திரிப்பெட்டி மட்டும் அதன் மேல் படக்கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டென்ஷன். முன்பே சொன்ன 'ஏன் கடைசி' என்பதற்கு இங்கே வருகிறேன். பருத்தி அடித்துணியில் டென்ஷன் தளர்ந்திருந்தால் அடியில் வளையம் வளையமாக நூல் தொங்குவது உடனே கண்ணுக்குத் தெரியும். ஃப்ளீஸில் அந்த வளையங்கள் பஞ்சுக்குள் புதைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், விரல் நகத்தால் தையலின் குறுக்கே வருடினால்தான் தட்டுப்படும். 2-க்கு இறக்கிய உங்கள் குயில்ட்டில் இப்படி வருடிப் பாருங்கள், கட்டாயம் தட்டுப்படும். அந்தத் தொய்வு நூல் ஹூக்கில் சுற்றிக்கொண்டு மறுபடி அறுக்கிறது. இறக்கியதால் சரியாகாமல் போனது மட்டுமில்லை, புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அதனால் டென்ஷனை ஃப்ளீஸில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதே மேல்துணி, அதே வாடிங், அடியில் ஃப்ளீஸுக்குப் பதிலாக வெறும் பருத்தி வைத்து ஒரு சதுரம் தைத்து, அதில் டென்ஷனைச் சரிசெய்துவிட்டு ஃப்ளீஸுக்கு வாருங்கள். அதே சோதனைத் துண்டிலேயே நூல் அறுந்தால் ஃப்ளீஸின் மேல் பழி இல்லை: கோத்தது, ஊசி, பிசிர் இவற்றில்தான் தேட வேண்டும். பருத்தியில் ஓடி, ஃப்ளீஸில் மட்டும் அறுந்தால் ஸ்ட்ரெச் ஊசி, ஒற்றைத் துளைத் தட்டு, பாதத்தின் உயரம். எல்லாம் செய்தும் ஃப்ளீஸில் தையல் விட்டால் மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிடலாம். இந்தத் தடவை சட்டைத் துணியை நீட்டாமல் இந்த மூன்று அடுக்கையே கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். டைமிங்கில் ஒரு நூலிழை வித்தியாசம் இருந்தால் இதில்தான் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் நிலைமைக்கு நான் செய்யும் வரிசை இது: தட்டைக் கழற்றித் துடைப்பேன், 90/14 டாப்ஸ்டிச் போடுவேன், பாதத்தைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோப்பேன், டென்ஷன் 4, கால் பாதி வேகம், திரும்பும் இடத்தில் பொடித் தையல் விழாமல் ஒரு சோதனைத் துண்டு. இதிலேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஏற்கனவே அறுந்து அறுந்து தைத்த குயில்ட்டைப் பிரித்துப்போட வேண்டாம். ஒவ்வொரு அறுந்த இடத்திலும் மேல்பக்கம் நாலைந்து அங்குல நுனி கிடைக்கும் வரை தையலைப் பின்னோக்கிப் பிரியுங்கள். அடிப்பக்கம் ஃப்ளீஸில் நூலைத் தேடுவது கண்ணுக்கு வேலை, மேலிருந்து பிரித்தால் அடி நூல் தானாக விடுபடும். பிறகு ஊசியைக் கையால் ஒரு தடவை இறக்கி ஏற்றி, அடி நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு, பழைய தையலின் மேலேயே நாலைந்து தையல் ஏற்றித் தொடங்குங்கள். பிடிக்காமல் விட்டால் அடியில் கூடு கட்டும், ஃப்ளீஸ் அதையும் மறைத்து வைத்துக்கொள்ளும். மிச்ச நுனிகளை முடிச்சிட்டு, கைஊசியில் கோத்து, இரண்டு துணிக்கும் நடுவே ஓர் அங்குலம் ஓட்டி வெளியே இழுத்து வெட்டிவிடுங்கள். குழந்தைக்கு என்பதால் ஃப்ளீஸ் பக்கம் முழுவதையும் கையால் தடவிப் பார்த்து, நீண்டு நிற்கும் நூல், தொங்கும் வளையம் எதுவும் விடாமல் இப்படியே உள்ளே தள்ளிவிட வேண்டும். குட்டி விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.